அறுபதில் வாய்த்த ஊர்தி

நுழையும்முன்

இளமையில் முளைத்த விருப்பம் ஒன்று ஐம்பது ஆண்டுகள் காத்திருந்து நிறைவேறும்போது, அது அதே விருப்பமாகவே இருக்குமா? பணி ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், பழைய வடிவில் அமைந்த புதிய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிய பட்டறிவை இவ்வுரைநடை விவரிக்கிறது. இயந்திரத்தின் வரலாறும் குடும்பத்தின் அச்சமும் முதுமையின் அடக்கமும் இதில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

ஒலியால் அறிந்த ஊர்தி

ஊர்திகளைக் கண்ணால் காண்பதற்கு முன்பே காதால் அறிந்த காலம் ஒன்று இருந்தது. 1970களில் காவிரிப் படுகைச் சிற்றூர்களில் வாழ்ந்தோருக்கு, வருவது யார் என்பதை ஒலியே அறிவித்துவிடும். சலங்கை ஒலித்தால் வில்வண்டி. மணி ஒலித்தால் அஞ்சல்காரரின் மிதிவண்டி. நிலம் அதிர, இடைவெளி விட்டு விட்டுத் 'தடதட' என்னும் ஒலி எழுந்தால் அது புல்லட். அதன்மேல் வருபவர் பெரும்பாலும் மூவருள் ஒருவராகவே இருப்பார்: பெருநிலக்கிழார், காவல்துறை ஆய்வாளர், அல்லது கால்நடை மருத்துவர். முதலிருவர் வரும்போது சிறுவர்கள் திண்ணையை விட்டு உள்ளே ஓடுவர். மூன்றாமவர் வரும்போது தெருவுக்கு ஓடி வருவர்.

மன்னார்குடிக்கு அருகில் ஒரு சிற்றூரில் 1963ஆம் ஆண்டு பிறந்த குத்தகை உழவர் மகன் ஒருவர், தம் பத்தாம் வயதில் அவ்வொலியை ஒரு மழையிரவில் கேட்டார். வீட்டுப் பசு கன்று ஈன முடியாமல் துடித்துக்கொண்டிருந்தது. கன்றின் கால் உள்ளே மடங்கியிருந்தது. சேற்று வரப்பைத் தாண்டிப் புல்லட்டில் வந்து சேர்ந்த மருத்துவர், முழங்கை வரை சோப்பு நுரை பூசிக்கொண்டு ஒரு மணி நேரம் போராடினார். அரிக்கேன் விளக்கைப் பிடித்து நின்றவர் அச்சிறுவர். பசுவும் பிழைத்தது, கன்றும் பிழைத்தது.

புறப்படும்போது மருத்துவர் வண்டியை உடனே உதைக்கவில்லை. முகப்பு விளக்கின் மேற்புறத்தில் பதிந்திருந்த மின்னோட்டமானியின் முள்ளைச் சிறுவருக்குக் காட்டினார். உதைகோலை மெல்ல அழுத்தி, முள் நடுவில் வந்து நிற்கும் வரை காத்திருந்தார். கைப்பிடியருகே இருந்த சிறு நெம்புகோலை இழுத்து உருளைக்குள் அடைந்திருந்த அழுத்தத்தை வெளியேற்றினார். பிறகு ஒரே உதை. இயந்திரம் உயிர்பெற்றது. "வண்டியப் புரிஞ்சிக்காம ஒதைச்சா அது திருப்பி ஒதைக்கும் தம்பி" என்றார் சிரித்துக்கொண்டே. அவர் கூறியது உண்மை. தவறான கணத்தில் உதைத்தால் கோல் எகிறித் திரும்பிக் கணுக்காலைப் பதம்பார்த்துவிடும். சிறுவரின் உள்ளத்தில் அவ்விரவில் இரண்டு விருப்பங்கள் ஒன்றாய் விழுந்தன. ஒன்று, பிறருக்குப் பயன்படும் வேலை ஒன்றைச் செய்ய வேண்டும். மற்றொன்று, அவ்வேலைக்குப் புல்லட்டில் செல்ல வேண்டும். முதல் விருப்பம் பதினைந்து ஆண்டுகளில் நிறைவேறியது. இரண்டாவது, வரிசையின் கடைசியில் நின்றது.

திருவொற்றியூரில் வேர்கொண்ட பெயர்

அவ்வூர்தியின் பிறப்பிடம் தமிழகம் அன்று. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் மிதிவண்டியும் உதிரிப்பாகங்களும் செய்துவந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம், 1901ஆம் ஆண்டு தன் முதல் மோட்டார் சைக்கிளை உருவாக்கியது. அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த என்ஃபீல்டு என்னும் ஊரின் பெயரே அந்நிறுவனத்தின் பெயரில் அமைந்தது. 1932ஆம் ஆண்டு அறிமுகமான ஒரு வகைக்குப் 'புல்லட்' எனப் பெயரிட்டதில் அத்துப்பாக்கித் தொடர்பின் எதிரொலியைக் கேட்கலாம்.

விடுதலைக்குப் பின் எல்லைப்புற மலைப்பாதைகளில் சுற்றுக்காவல் செல்ல, இந்தியப் படைக்கு உறுதியான ஊர்தி தேவைப்பட்டது. அதற்கெனத் தேர்வு செய்யப்பட்டது 350 சி.சி. புல்லட். 1955ஆம் ஆண்டு மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ஆங்கில நிறுவனமும் இணைந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. சென்னையின் வடபகுதியான திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன; இங்கே பூட்டப்பட்டன. பின்னர்ப் பாகங்களும் இங்கேயே வார்க்கப்பட்டன.

வரலாற்றின் திருப்பம் இதற்குப் பின்னரே நிகழ்ந்தது. இங்கிலாந்தில் அந்நிறுவனம் 1970ஆம் ஆண்டளவில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. தாய் மரம் பட்டுப்போக, திருவொற்றியூரில் நட்ட பதியன் தழைத்தது. 1977ஆம் ஆண்டு முதல் சென்னையில் செய்யப்பட்ட புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. கலனின்மேல் செல்லும் மெல்லிய கோட்டைத் தூரிகை பிடித்த கைகளே வரையும் மரபும் இத்தொழிற்சாலையில் நெடுங்காலம் தொடர்ந்தது. 1994ஆம் ஆண்டு நிறுவனம் ஐஷர் குழுமத்தின் கைக்கு மாறியது. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் பின்னர் எழுந்தன. ஆகவே, தமிழகத்துச் சிறுவர் ஒருவர் புல்லட்டைத் தம் ஊரின் ஒலியாக எண்ணியதில் பிழையேதும் இல்லை.

அந்த ஒலிக்கும் ஒரு காரணம் உண்டு. புல்லட்டில் இருப்பது ஒரே உருளை. நான்கு வீச்சு இயந்திரத்தில், அச்சு இருமுறை சுழன்றால்தான் எரிபொருள் ஒருமுறை வெடிக்கும். நிமிடத்திற்கு 1000 சுழற்சி என்றால் 500 வெடிப்புகள். நொடிக்கு ஏறத்தாழ எட்டு. பழைய புல்லட்டின் உருளை 70 மி.மீ. விட்டமும் உந்துதண்டு 90 மி.மீ. வீச்சும் உடையவை. அகலத்தைவிட உயரம் மிகுந்த இவ்வமைப்பும் கனத்த சமன்சக்கரமும் சேர்ந்து, விரைந்து சுழலாமல் நிதானமாக உழைக்கும் இயல்பை அதற்குத் தந்தன. அவ்விடைவெளிகளையே காது தாளமாகக் கேட்கிறது.

கியர் இல்லாத முப்பது ஆண்டுகள்

அச்சிறுவர் வளர்ந்து 1988ஆம் ஆண்டு இடைநிலை ஆசிரியராகப் பணியேற்றார். முதற்பள்ளி ஆற்றைக் கடந்து ஏழு கிலோமீட்டர். மூன்று ஆண்டுகள் மிதிவண்டியில் சென்றவர், 1991இல் வருங்கால வைப்பு நிதியில் முன்பணம் பெற்று ஒரு டி.வி.எஸ். 50 வாங்கினார். 1980ஆம் ஆண்டு ஓசூரில் உருவான அவ்வண்டி, இருவர் அமர்ந்து செல்லத்தக்க இந்தியாவின் முதல் மொபெட் ஆகும். அதற்குக் கியர் இல்லை. கைப்பிடியைத் திருகினால் நகரும். பெட்ரோல் தீர்ந்தால் மிதித்தும் வீடு சேரலாம்.

அவ்வண்டி சுமந்தவற்றைப் பட்டியலிட்டால் ஒரு குடும்பத்தின் வரலாறு கிடைக்கும். பள்ளிக்குரிய சுண்ணக்கட்டிப் பெட்டிகள், மகனின் முதல் காய்ச்சல், மகளின் மிருதங்க வகுப்பு, விதைநெல் மூட்டை, தந்தையாரின் இறுதி மருத்துவமனைப் பயணம் ஆகியவை எல்லாம் அதன்மேல் சென்றன. பழுதானபோது அதே வகையில் இன்னொன்று வந்தது. நகர் விற்பனையகத்தில் புல்லட் நிற்பதை அவர் எத்தனையோ முறை கண்டிருக்கிறார். விலை கேட்டதில்லை. மகனின் பொறியியல் படிப்பு, மகளின் திருமணம், கூரைவீடு மச்சுவீடாதல் என்று ஒவ்வொன்றும் உரிய முறையில் வந்து முன்வரிசையில் அமர்ந்தன. இதனைத் தியாகம் என்று அவர் என்றும் கூறியதில்லை. வரிசை என்றே கூறினார்.

வீட்டில் எழுந்த வினா

2023ஆம் ஆண்டு மே மாத இறுதியில் அவர் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றார். பணிக்கொடை வந்தது. கடன் இல்லை. ஒரு மாலையில் உணவுண்ணும்போது, இரண்டு லட்சம் ரூபாய்க்குச் சற்று மேலாகும் வண்டியொன்றை வாங்க எண்ணியிருப்பதாக மனைவியிடம் கூறினார்.

பிள்ளைகளின் மறுமொழி எதிர்பார்த்ததுதான். "இந்த வயசுல எதுக்குப்பா? இன்னும் கொஞ்சம் போட்டு கார் வாங்குங்க, அம்மாவும் வசதியா வருவாங்க" என்றார் பெங்களூரிலிருந்து மகன். ஊரில் சிலர் நகைத்தனர். நரைத்த தலைக்குச் சாயம் பூசுவதுபோல் இதுவும் ஓர் இளமை வேடம் என்றனர். இவற்றுக்கெல்லாம் அவரிடம் விடை இருந்தது. மனைவியின் சொல்லுக்கு மட்டும் விடை இல்லை.

அவ்வம்மையார் சத்துணவு அமைப்பாளராகப் பணியாற்றியவர். அவருடைய தம்பி 2004ஆம் ஆண்டு, தம் 28ஆம் வயதில், வடுவூர்ச் சாலையில் இரவு நேரத்தில் விளக்கின்றி நின்ற நெல் லாரியின் பின்புறம் மோதி உயிரிழந்தார். தலைக்கவசம் வண்டியின் பெட்டியில் பூட்டப்பட்டுப் பத்திரமாக இருந்தது. அன்றிரவு அக்காள் வீட்டுக்கு உணவுண்ண வந்துகொண்டிருந்தார். நள்ளிரவு வரை வாசலில் அமர்ந்து காத்திருந்தவர் இவரே.

"நீங்க வாங்குறதுல எனக்கு வருத்தம் இல்லீங்க. ராத்திரியில வாசலப் பாத்துக்கிட்டு ஒக்கார எனக்கு இன்னொரு தடவ தெம்பு கெடையாது" என்றார் அவர்.

இதற்குப் பின் மூன்று மாதங்கள் வண்டியைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. பிறகு ஒரு நாள், அரிசி புடைத்துக்கொண்டே அம்மையார் தாமாகவே தம் கட்டளைகளைக் கூறினார். இருட்டியபின் ஓட்டக்கூடாது. தெருமுனைக்குச் செல்வதானாலும் தலைக்கவசம் அணிய வேண்டும். முறையாகக் கற்று, உரிமம் பெற்ற பின்னரே வண்டி வாசலுக்கு வர வேண்டும். மூன்றையும் அவர் ஏற்றுக்கொண்டார். விலைமதிப்பில் அவ்வண்டியின் மிகப் பெரிய தவணை அம்மூன்று சொற்களே எனலாம்.

மீண்டும் மாணவராக

மோட்டார் வாகனச் சட்டம் கியர் உள்ள இருசக்கர ஊர்தியையும் கியர் இல்லாததையும் தனித்தனி வகுப்பாகக் கொள்கிறது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வண்டி ஓட்டியவராயினும், அவரிடம் இருந்தது இரண்டாம் வகைக்குரிய உரிமமே. எனவே, அறுபதாம் வயதில் பழகுநர் உரிமத்திற்கு விண்ணப்பித்தார். நாற்பது வயதைக் கடந்தோர் மருத்துவச் சான்று இணைக்க வேண்டும். கண்ணையும் செவியையும் மருத்துவர் ஆய்ந்தார். சாலைக் குறியீடுகளைப் பற்றிய கணினித் தேர்வில், தாம் மூன்றாம் வகுப்புக்குக் கற்பித்த அதே முக்கோணங்களையும் வட்டங்களையும் அடையாளங்கண்டார். நண்பரின் பழைய 100 சி.சி. வண்டியில் சிவப்பு எழுத்துப் பலகையுடன் பள்ளி மைதானத்தில் பயிற்சி தொடங்கியது.

இடக்கை கிளட்சைப் பற்ற, இடக்கால் கியரை மாற்ற, வலக்கை விசையைத் திருக, வலக்கால் பின்தடையை அழுத்த, நான்கு உறுப்புகளும் நான்கு வேலை செய்ய வேண்டும். எழுதக் கற்கும் குழந்தையின் விரல்கள் ஏன் அவ்வளவு இறுகிப்போகின்றன என்பதை அப்போதுதான் அவர் உடலால் உணர்ந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் கற்பித்தவருக்குக் கற்றலின் வலி மறந்துபோயிருந்தது.

ஓட்டுநர் தேர்வில் எட்டு வடிவத் தடத்தில் காலூன்றாமல் சுற்றிவர வேண்டும். முதல் முறை, இரண்டாம் வளைவில் அவர் கால் தரையைத் தொட்டுவிட்டது. ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். வரிசையில் பின்னால் நின்றிருந்த பதினெட்டு வயது இளைஞர் தயங்கி அருகில் வந்தார். அவரிடம் அரிச்சுவடி பயின்றவர். "சார், முன் சக்கரத்தப் பாக்காதீங்க சார். அடுத்து எங்க போகணுமோ அங்க பாருங்க. வண்டி தானா வரும்" என்றார்.

அவ்வறிவுரை இயங்கியல் உண்மை ஒன்றைச் சொல்கிறது. கண் செல்லும் திசையில் தலை திரும்புகிறது. தலை திரும்பத் தோள் திரும்புகிறது. தோள் திரும்பக் கைப்பிடியும் உடலின் சாய்வும் உடன்செல்கின்றன. அச்சத்தால் சக்கரத்தையே நோக்குபவர் அச்சத்தை நோக்கியே செல்வார். அடுத்த வாரம் அவர் வளைவின் முடிவைப் பார்த்தார். கால் ஊன்றவில்லை. மாணவருக்கு நன்றி கூறியபோது அவ்விளைஞர் நாணித் தலைகுனிந்தார். 'கற்பித்தவன்' என்னும் பெயர் அன்று ஒரு நாளைக்கு இடம் மாறியிருந்தது.

தெரிந்து தெளிவோம்

2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தனியார் ஊர்திகளுக்குரிய ஓட்டுநர் உரிமத்தின் காலம் வயதுக்கேற்ப மாறும். 30 வயதுக்கு உட்பட்டோருக்கு 40 வயது நிறையும் வரை. 30 முதல் 50 வயதுக்குள் பெறுவோருக்குப் பத்து ஆண்டுகள். 50 முதல் 55 வயதுக்குள் பெறுவோருக்கு 60 வயது நிறையும் வரை. அதற்கு மேற்பட்டோருக்கு ஐந்து ஆண்டுகள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, ஓட்டுபவர் மட்டுமன்றிப் பின்னமர்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது.

உருவம் பழையது, உள்ளமைப்பு புதியது

அவர் வாங்கியது கிளாசிக் 350 என்னும் வகை. வட்டமான முகப்பு விளக்கு, நீர்த்துளி வடிவக் கலன், கம்பிச் சக்கரம், பளபளக்கும் புகைபோக்கி ஆகியவற்றைக் கண்டால் ஐம்பதாண்டுக்கு முந்தைய வண்டியே எதிரில் நிற்பதாகத் தோன்றும். ஆனால் பொறுப்பில் அமர்ந்த முதல் நாளே அவர் ஒன்றை அறிந்தார்: மருத்துவர் காட்டிய வண்டி இதுவன்று.

அப்பழைய வண்டியில் கியர் வலக்காலிலும் பின்தடை இடக்காலிலும் இருந்தன. இதில் அவை இடம் மாறியுள்ளன. அதில் நான்கு கியர், இதில் ஐந்து. மின்னோட்டமானி முள் இல்லை. அழுத்தம் நீக்கும் நெம்புகோல் இல்லை. 2021ஆம் ஆண்டு வெளிவந்த புதிய வடிவில் உதைகோலே இல்லை. பொத்தானை அழுத்தினால் போதும். காற்றையும் பெட்ரோலையும் கலந்த கார்புரேட்டரின் இடத்தில், உணரிகளின் சொற்கேட்டு எரிபொருளை அளந்து தெளிக்கும் கருவி அமர்ந்திருக்கிறது. திடீரெனத் தடையை அழுத்தினாலும் சக்கரம் இறுகிச் சறுக்காதபடி ஏ.பி.எஸ். காக்கிறது. உருளையின் அளவு 349 சி.சி.; விட்டம் 72 மி.மீ.; வீச்சு 85.8 மி.மீ. பழையதன் சாயல் எண்களில் எஞ்சியுள்ளது, பழையது எஞ்சவில்லை.

இது ஒரு வண்டியின் கதை மட்டுமன்று. செக்கோஸ்லோவாக்கியாவில் 1929இல் பிறந்த ஜாவா, மைசூரில் 1960களின் தொடக்கத்திலிருந்து செய்யப்பட்டு, 1970களில் யெஸ்டி என்னும் பெயர் பூண்டு, 1996இல் நின்றுபோனது. 2018ஆம் ஆண்டு அதே பெயரும் அதே உருண்ட கலனும் புதிய இயந்திரத்துடன் மீண்டும் சாலைக்கு வந்தன. இளமையில் வாங்க இயலாதவர்கள் இன்று வாங்க இயலும் நிலையில் இருக்கிறார்கள் என்பதை உற்பத்தியாளர்கள் நன்கறிவர். நினைவுக்கும் சந்தையுண்டு. எனினும், நச்சுப் புகைக்கும் பாதுகாப்புக்கும் இன்று வகுக்கப்பட்டுள்ள விதிகளின்படி, பழைய வண்டியை அப்படியே செய்து விற்க இயலாது. ஆகவே உருவத்தை நினைவிடமிருந்தும் உள்ளமைப்பை நிகழ்காலத்திடமிருந்தும் பெறுகிறார்கள்.

உதைகோல் இல்லாதது குறித்து அவருக்கு முதலில் ஏமாற்றம் இருந்தது. பின்னர்த் தம் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பத்து வயதில் கண்ட வண்டி பத்து வயதிலேயே கிடைத்திருந்தால் ஓட்டியிருக்க இயலாது. முப்பதில் கிடைத்திருந்தால் கடனால் ஓடியிருக்கும். இன்று அதே பழைய வண்டி கிடைத்தால் உதைக்கக் கால் இல்லை. காலத்தில் இருவரும் மாறி, மாறிய இருவரும் சந்தித்தது பொருத்தமே என்று அவருக்குத் தோன்றியது.

எடையும் வேகமும்

அவ்வண்டியின் எடை 195 கிலோ. டி.வி.எஸ். 50ஐ ஒரு கையால் தூக்கித் திண்ணையில் ஏற்றிய பழக்கம் இங்குச் செல்லாது. இரண்டாம் வாரத்தில், தேநீர்க்கடை வாசலின் மணற்சரிவில் நிறுத்த முயன்றபோது வண்டி மெல்லச் சாய்ந்தது. அவர் இழுத்துப் பிடிக்க முயலவில்லை; விலகி நின்று விழ விட்டார். இழுத்திருந்தால் இடுப்பு போயிருக்கும். கடையில் இருந்தவர்கள் ஓடிவந்தனர். அவர் அவர்களைச் சற்று நிற்கச் சொல்லி, தாம் கற்றிருந்த முறையைச் செய்து பார்த்தார். வண்டிக்கு முதுகு காட்டி, இருக்கையின் விளிம்பில் பின்புறத்தைப் பதித்து, முழங்காலை மடக்கிக் கைப்பிடியையும் பின்சட்டத்தையும் பற்றிக்கொண்டு, சிறு சிறு அடிகளாகப் பின்னோக்கி நடந்தார். முதுகு தூக்க முடியாததைத் தொடைகள் தூக்கின. முக்கால் பங்கு எழுந்ததும் ஓர் இளைஞர் மறுபுறம் தாங்கினார். அவ்வுதவியை அவர் மறுக்கவில்லை.

வேகத்தைப் பற்றியும் அவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. எதிரே மாடு குறுக்கிடுவதைக் கண்டு கை தடையைப் பற்றுவதற்குள் ஒரு நொடி கழிந்தால், வண்டி 17 மீட்டர் ஓடிவிடும். முதுமையால் அது ஒன்றரை நொடியானால் 25 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கானால், தடை பற்றியபின் வண்டி நிற்கும் தொலைவு இரண்டேகால் மடங்காகும். எனவே, 60இல் செல்வதைவிட 40இல் செல்பவர் இழக்கும் சில நிமிடங்கள், பெறும் தொலைவோடு ஒப்பிட மிகச் சிறியவை. இக்கணக்கை அவர் ஐந்தாம் வகுப்புக் கரும்பலகையில் எழுதுவதுபோல் ஒரு தாளில் எழுதி மனைவியிடம் காட்டினார். அவர் அதனை மடித்து அடுக்களை நாட்காட்டியின் பின்னால் செருகிவைத்தார்.

புல்லட்டின் இயல்பும் அதற்கு உடன்பட்டது. சீறிப் பாய்வதற்கு ஏற்றதன்று அவ்வியந்திரம். நாற்பதில் செல்லும்போது அது களைப்பதுமில்லை, ஓட்டுபவரை அவசரப்படுத்துவதுமில்லை. பாமணியாற்றங்கரையில், நடவு முடிந்த வயல்களினூடே, விடியற்காலையில் அவர் தனியே சென்று வந்தார். ஒவ்வொரு நாளும் திரும்பியதும், திண்ணையில் அமர்ந்திருக்கும் மனைவி கடிகாரத்தைப் பார்ப்பார். எழுந்து உள்ளே செல்வார். ஒன்றும் கூறமாட்டார்.

வடுவூர்ச் சாலை

நான்காம் மாதத்தில், வடுவூர் ஏரிக்குப் பறவைகள் வந்திறங்கும் பருவத்தில், அம்மையார் ஒரு காலைப்பொழுதில் இரண்டாவது தலைக்கவசத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். "அண்ணன் வீட்டுக்குப் போய்ட்டு வரலாங்க" என்றார். அவருடைய பிறந்தகம் வடுவூருக்கு அப்பால் உள்ளது. பத்தொன்பது ஆண்டுகளாக அச்சாலையில் பேருந்தில் மட்டுமே சென்றிருக்கிறார். தம்பி விழுந்த இடம் வருமுன் கண்களை மூடிக்கொள்வார். நடத்துநர் அடுத்த ஊரின் பெயரைச் சொன்ன பின்பே திறப்பார்.

அன்று, அவ்விடத்திற்குச் சற்று முன்னர், தோளில் கைபடுவதை அவர் உணர்ந்தார். வண்டியை ஓரங்கட்டினார். சாலை இப்போது அகன்றிருந்தது. விளக்குக் கம்பங்கள் நின்றன. பழைய புளியமரங்களில் ஒன்றிரண்டே எஞ்சியிருந்தன. அம்மையார் இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றினார். மைல்கல்லின்மேல் கையூன்றிச் சிறிது நேரம் நின்றார். அழவில்லை. லாரிகளும் பேருந்துகளும் கடந்து சென்றன. கணவர் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காத்திருந்தார், அருகில் செல்லவில்லை.

பின்னர் அவர் தலைக்கவசத்தை அணிந்துகொண்டு, தாடையின் கீழ் வாரை இருமுறை இழுத்துப் பார்த்தார். கணவரின் வாரையும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "இருட்டுறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்ல?" என்றார்.

"வெயில் இருக்கும்போதே போயிடலாம்" என்றார் அவர். அவ்வாறே திரும்பினர்.

காலம் கனிந்தபின்

முதுமையில் நிறைவேறும் விருப்பங்களை உலகம் இரண்டு வகையாகப் பார்க்கிறது. ஒன்று, 'பாவம், இப்போதாவது கிடைத்ததே' என்னும் இரக்கம். மற்றொன்று, 'இந்த வயதில் தேவையா' என்னும் எள்ளல். இரண்டும் விருப்பத்திற்கு ஒரு வயதை நிலைநிறுத்திவிட்டே பேசத் தொடங்குகின்றன. இளமையில் கிடைத்திருந்தால் அவ்வண்டி அவருக்கு ஒரு பெருமிதமாய் இருந்திருக்கும். அறுபதில் கிடைத்தபோது, அது அவரை மாணவராக்கியது. தம் உடலின் எல்லையை அளந்து பார்க்கச் செய்தது. வீட்டில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பேசப்படாமல் இருந்த துயரத்தைச் செவிமடுக்கச் செய்தது. அவ்வண்டியில் அவர் இதுவரை சென்ற மிகத் தொலைவான பயணம் அச்சாலையோர மைல்கல் வரை சென்றதே ஆகும்.

விருப்பத்தைத் துறப்பது ஓர் ஒழுக்கம் என்று நாம் கற்றிருக்கிறோம். விருப்பத்தை அதற்குரிய பொறுப்புகளோடு சேர்த்து ஏற்றுக்கொள்வதும் ஓர் ஒழுக்கமே. பிறர் அச்சத்தை ஏளனம் செய்யாமல், தம் விருப்பத்தையும் மறைக்காமல், இரண்டுக்கும் இடையே ஒரு வேகத்தைக் கண்டுகொள்வதே முதிர்ச்சி. அவருடைய உரிமம் 2028ஆம் ஆண்டு வரை செல்லும். அப்போது கண்ணும் செவியும் காலும் மீண்டும் ஆய்வுக்கு வரும். தகுதியில்லை என்று மருத்துவர் கூறினால், சாவியை மறுப்பின்றிக் கொடுத்துவிடுவதாக அவர் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். நாட்காட்டியின் பின்னால் உள்ள தாளில், வேகக் கணக்கிற்குக் கீழே, அவ்வாக்கும் அவர் கையெழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உம் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், இளமையில் விரும்பி நிறைவேறாமற்போன ஒன்றைப் பற்றிக் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் எழுதுக.

2. உம் ஊரில் ஒலியால் அடையாளங்காணத்தக்க ஊர்திகள், தொழில்கள் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, அவ்வொலிகளைக் குறிக்கும் இரட்டைக்கிளவிகளைத் தொகுக்க.

3. 'விருப்பத்திற்கு வயது உண்டு' – 'விருப்பத்திற்கு வயது இல்லை' என்னும் தலைப்புகளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

4. மணிக்கு 40 கி.மீ., 50 கி.மீ., 60 கி.மீ. வேகங்களில் ஒரு நொடியில் வண்டி கடக்கும் தொலைவைக் கணக்கிட்டு, பள்ளி மைதானத்தில் அளந்து குறித்துக் காட்டுக.